கடைசிவரை கப்பலில் நின்றவர் – கேப்டன் மகேந்திரநாத் முல்லா



ஜூபிலி மலர் என்றால் கோயில் கட்டிய வரலாறும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், பொருளுதவி செய்த பெரியோரின் பெயர்களும் இடம்பெறுவது முறை. இவற்றுக்கிடையே, நம் ஊரில் பிறவாத, நம் மொழி பேசாத, நம் மறையைச் சாராத ஒரு கப்பற்படைத் தலைவரின் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் முத்துக்குளித்துறை மக்களாகிய நமக்குக் கடலில் மாண்ட எவரும் அந்நியர் அல்லர். நம் கோயில் மணி எத்தனையோ முறை கரை திரும்பாதவர்களுக்காக ஒலித்திருக்கிறது. அந்த மணியின் பொருள் தெரிந்தவர்களுக்கு இவருடைய வரலாறும் விளங்கும்.

1971-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, அரபிக் கடலில், இந்தியக் கப்பற்படையின் குக்ரி என்னும் போர்க்கப்பல் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டு மூழ்கியது. அதன் தலைவராயிருந்தவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா. தப்ப வாய்ப்பிருந்தும் தப்பாமல், தம்முடைய மிதவைச் சட்டையையும் பிறனுக்குக் கொடுத்துவிட்டு, கப்பலோடு கடலுக்குள் சென்றவர். பாரத நாடு அவருக்கு மகாவீர் சக்கரம் அளித்துப் போற்றியது. அவருடைய வாழ்வையும் சாவையும் சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து நாம் கற்க வேண்டிய ஒரே ஒரு பாடத்தை உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பயிற்சியும்

மகேந்திரநாத் முல்லா 1926-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூரில் பிறந்தார். முல்லா என்ற பெயரைக் கேட்டதும் அவர் இஸ்லாமியர் என்று எண்ணிவிட வேண்டாம். காஷ்மீரத்துப் பண்டிதர்களில் ஒரு குடும்பப் பெயர் அது. பிழைப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் காஷ்மீரத்தை விட்டு வட இந்திய நகரங்களில் குடியேறிய இந்துக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. நீதித்துறையில் பெயர் பெற்ற குடும்பம். கடலுக்கு நெடுந்தொலைவில், கங்கைச் சமவெளியில் பிறந்த பிள்ளை கடலைத் தேடி வந்தது வியப்புக்குரியதே. நமக்கோ தவழும் பருவத்திலேயே உப்புக்காற்று பழகிவிடுகிறது. அவர் தாமாகத் தேர்ந்துகொண்டு கடலுக்கு வந்தவர்.

1946-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் பயிற்சி மாணவராகக் கப்பற்படையில் சேர்ந்தார். அப்போது அது பிரிட்டிஷ் அரசின் கீழிருந்த இராயல் இந்தியக் கப்பற்படை. அடுத்த மாதமே, 1946 பிப்ரவரி 18-இல், பம்பாயில் இந்திய மாலுமிகள் வெள்ளை அதிகாரிகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். மோசமான உணவும், இனத்தின் பெயரால் இழைக்கப்பட்ட அவமதிப்பும் அக்கிளர்ச்சிக்குக் காரணங்கள். தலைவன் என்பவன் தன் கீழிருப்போரை எப்படி நடத்த வேண்டும், எப்படி நடத்தக்கூடாது என்பதை ஒரு கப்பற்படை முழுவதும் கற்றுக்கொண்ட காலம் அது. அக்காலத்தில் தொழில் பழகத் தொடங்கிய இளைஞர் முல்லா, நாடு விடுதலை பெற்றபின் 1948 மே முதல் நாள் அதிகாரியாக நியமனம் பெற்றார்.

அதன்பின் ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் படிப்படியான உழைப்பு. கடற்கண்ணி அகற்றும் கப்பலில் பணி, கிருஷ்ணா என்ற கப்பலில் பணி, தலைமையகத்தில் பணி, பிறகு ராணா என்ற நாசகாரிக் கப்பலின் தலைமை, லண்டனில் இந்தியத் தூதரகத்தில் கப்பற்படை ஆலோசகரின் துணைவர் பொறுப்பு, பம்பாயில் ஆங்கரே என்ற கரைத்தளத்தின் தலைமை என்று பல இடங்களில் பணியாற்றினார். இவற்றில் பரபரப்பான செய்தி எதுவும் இல்லை. நம் தோணிகளின் தண்டல்களும் அப்படித்தான் உருவானார்கள். சமையல் பையனாய் ஏறி, பாய்க் கயிறு இழுத்து, சுக்கான் பிடித்து, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பலமுறை போய்வந்த பிறகே ஒருவர் கையில் தோணி ஒப்படைக்கப்படும். கடலில் பதவி வயதால் வருவதில்லை, பழக்கத்தால் வருகிறது.

அவருக்கு மனைவியும் இரண்டு பெண் மக்களும் இருந்தார்கள். இதை வாசகர்கள் மறவாமல் மனத்தில் வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

குக்ரி என்னும் கப்பல்

குக்ரி என்பது கூர்க்கா வீரர்கள் இடையில் செருகும் வளைந்த கத்தியின் பெயர். அப்பெயர் தாங்கிய கப்பல் இங்கிலாந்தில் கௌஸ் என்ற ஊரில் கட்டப்பட்டு, 1958-இல் நம் கப்பற்படையில் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 310 அடி. அதன் உடன்பிறப்புகளாகக் கிர்பான், குதார் என்று வேறு இரண்டு கப்பல்கள். இம்மூன்றும் நீர்மூழ்கிகளைத் தேடிக் கண்டுபிடித்து அழிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. 1971-இல் குக்ரியின் தலைமையையும், அதனுடன் இம்மூன்று கப்பல்கள் அடங்கிய பதினான்காம் அணியின் பொறுப்பையும் கேப்டன் முல்லா ஏற்றிருந்தார்.

நீர்மூழ்கியைக் கண்ணால் தேட முடியாது. நீருக்குள் ஒலிதான் கண். கப்பலின் அடியிலுள்ள சோனார் என்ற கருவி நீருக்குள் ஒலியை அனுப்பும். அது எதிலாவது மோதித் திரும்பி வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அறியலாம். ஆனால் கடல் எல்லா அடுக்கிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மேல்நீர் வெதுவெதுப்பாயும், சில பாகம் ஆழம் போனதும் சில்லென்றும் இருப்பது சங்கு குளிக்கப்போன நம் மூத்தவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் ஒலி வளைந்துபோகும். அதன் கீழ் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கி மேலிருப்பவனை அறியும். மேலிருப்பவனோ அதை அறியமாட்டான்.

குக்ரியின் சோனார் பழைய காலத்தது. அதற்கு எதிராக வந்த ஹங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி, பிரான்சு நாட்டில் அப்போதுதான் கட்டப்பட்ட டாஃப்னே வகையைச் சேர்ந்தது. ஹங்கோர் என்றால் சுறா. அதன் செவி குக்ரியின் செவியைவிடப் பல மடங்கு தொலைவுக்குக் கேட்கும். ஆகவே வேட்டைக்காரனுக்குக் கண் மங்கல், வேட்டையாடப்படும் மிருகத்துக்கோ கண் கூர்மை. இந்த ஏற்றத்தாழ்வு நம் கப்பற்படையினருக்குத் தெரியாததன்று. தெரிந்தே சென்றார்கள்.

போர் மூண்டது

நம் தமிழ்நாட்டார் கடற்போரைக் கண்டது அரிது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியதும், அதன்பின் பொல்லாத ஆசாமியை எம்டன் என்று அழைக்கும் வழக்கம் நம் பேச்சில் புகுந்ததும் பெரியோர் அறிந்ததே. 1971-இல் போர் மறுபடியும் நம் கரையை நெருங்கி வந்தது. இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடிக் காசி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி வங்கக் கடலுக்குள் வந்தது. டிசம்பர் 3-ஆம் நாள் மாலை மேற்கில் நம் விமானத்தளங்கள் தாக்கப்பட்டுப் போர் தொடங்கிய அன்று இரவே, விசாகப்பட்டினத்துக்கு அப்பால் காசி அழிந்தது. அதிலிருந்த தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

டிசம்பர் 4 இரவு நம் சிறிய ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தின் வாயில்வரை சென்று பாகிஸ்தானின் கைபர் என்ற நாசகாரியை மூழ்கடித்தன. டிசம்பர் 8 இரவு மீண்டும் கராச்சி தாக்கப்பட்டு எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன. இந்த வெற்றியின் நினைவாகவே ஆண்டுதோறும் டிசம்பர் 4 கப்பற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. நாடெங்கும் மகிழ்ச்சி. ஆனால் நம் கப்பல்களின் போக்குவரத்துப் பாதையில் ஹங்கோர் பதுங்கியிருந்தது. அது கராச்சிக்கு அனுப்பிய வானொலிச் சைகைகளைக் கொண்டு, டையூ கரைக்கு அப்பால் ஒரு நீர்மூழ்கி உலவுகிறது என்று நம் படையினர் கணித்துவிட்டார்கள். அதைத் தேடி அழிக்கும் வேலை பதினான்காம் அணிக்கு வந்தது.

டையூ என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு தொடர்பு கொண்டு திருமுழுக்குப் பெற்ற அதே காலத்தில், குஜராத்துக் கரையில் அவர்கள் கோட்டை கட்டிய தீவு அது. 1961 டிசம்பரில் கோவாவுடன் சேர்ந்து இந்தியாவோடு இணைந்தது.

மூன்று கப்பல்களில் குதாருக்கு இயந்திரப் பழுது நேர்ந்துவிட்டது. ஆகவே குக்ரியும் கிர்பானும் மட்டுமே டிசம்பர் 8-ஆம் நாள் பம்பாயிலிருந்து புறப்பட்டன.

டிசம்பர் ஒன்பது

சோனாரின் கேட்கும் தொலைவை அதிகப்படுத்தும் ஒரு புதிய கருவி குக்ரியில் சோதிக்கப்பட்டுக் கொண்டிருந்தது. கப்பல் வேகமாக ஓடினால் அதன் சொந்த இரைச்சலே காதை அடைத்துவிடும். நன்றாகக் கேட்க வேண்டுமானால் மெதுவாக ஓட வேண்டும். ஆனால் மெதுவாக ஓடும் கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இலக்கு. எதிரியைக் கண்டுபிடிப்பதா, தன்னைக் காத்துக்கொள்வதா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. குக்ரி மெதுவாகவே ஓடியது. அந்த முடிவு சரியா, தவறா என்று பின்னாளில் படைத்துறை அறிஞர்களும், பிழைத்தவர்களும், இறந்தோரின் குடும்பத்தாரும் பலவாறு வாதிட்டிருக்கிறார்கள். வீரரைப் புகழும்போது இதை மறைப்பது நேர்மையாகாது. தலைமை என்பது இப்படிப்பட்ட முடிவுகளை எடுப்பதுதான். ஒன்றைக் கேட்க ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கும். விளைவோ பிறகுதான் தெரியும்.

இரவு எட்டே முக்கால் மணி அளவு. கப்பலின் ஒலிபெருக்கிகளில் ஆகாசவாணியின் இந்திச் செய்தி தொடங்கியிருந்தது. போர்க்காலமாதலால் செய்தி கேட்க எல்லாருக்கும் ஆவல். உணவுக்கூடத்தில் பலர் கூடியிருந்தார்கள். ஹங்கோர் முதலில் கிர்பானைக் குறிவைத்து விட்ட டார்ப்பீடோ வெடிக்காமல் போயிற்று. அடுத்தது குக்ரியின் அடியில் வெடித்தது. உடனே மேலும் வெடிப்புகள். விளக்குகள் அணைந்தன. கப்பல் ஒருபுறம் சாய்ந்தது. கீழ்த்தளங்களில் இருந்தவர்களுக்கு இருளில் ஏணியைத் தேடி, குறுகிய வாயில் வழியே ஒருவர்பின் ஒருவராக மேலேறி வருவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு நேரமும் இல்லை. ஒரு மணியோ அரை மணியோ அல்ல. சில நிமிடங்கள் மட்டுமே.

அந்தச் சில நிமிடங்களில் கேப்டன் முல்லா செய்தவற்றை, விருது வழங்கிய அரசின் அறிக்கையும் பிழைத்தவர்களின் சாட்சியமும் ஒரே விதமாகவே கூறுகின்றன. கப்பலைக் காப்பாற்ற இயலாது என்று அறிந்ததும் அதைக் கைவிட்டு வெளியேறும்படி அவர் ஆணையிட்டார். பதற்றமின்றி நின்று, படகுகளையும் மிதவைகளையும் கடலில் இறக்கச் செய்தார். தயங்கி நின்ற இளம் அதிகாரிகளைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார். மிதவைச் சட்டை இல்லாதிருந்த ஒரு மாலுமிக்குத் தம்முடையதைக் கொடுத்தார். இயன்றவரை ஆட்களை வெளியேற்றியபின், இன்னும் யாரையாவது காப்பாற்ற வழியுண்டா என்று பார்க்கக் கப்பலின் கட்டளை மேடைக்குத் திரும்பிச் சென்றார். தண்ணீரில் மிதந்தவர்கள் கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோது, கப்பல் தலைவருக்குரிய இருக்கையில் அவர் அமைதியாக அமர்ந்திருக்கக் கண்டார்கள். பிறகு கப்பல் மறைந்தது. அவருக்கு வயது 45.

நீர்மூழ்கி அருகில் இருந்ததால் கிர்பான் அங்கே நின்று ஆட்களை எடுக்க இயலவில்லை. தப்பியவர்கள் இரவு முழுவதும் கடலில் தத்தளித்தார்கள். மறுநாள் கிர்பானும் கச்சல் என்ற கப்பலும் வந்து அவர்களை மீட்டன. பிழைத்தவர்கள் 67 பேர். மாண்டவர்கள் அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேரும், ஆக 194 பேர். விடுதலைக்குப்பின் போரில் இந்தியா இழந்த ஒரே போர்க்கப்பல் குக்ரி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நீர்மூழ்கி ஒன்று போர்க்கப்பலொன்றை மூழ்கடித்ததும் உலகில் அதுவே முதன்முறை. ஹங்கோரை நம் கப்பல்களும் விமானங்களும் பல நாள் தேடின. அது தப்பிக் கராச்சி சேர்ந்தது. டிசம்பர் 16-ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. வெற்றிக்கொடி பறந்த வீதிகளுக்கு நடுவே 194 வீடுகளில் ஒப்பாரி எழுந்தது.

அவர் ஏன் இறங்கவில்லை?

இனி, நாம் சிந்திக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். கப்பல் மூழ்கினால் தலைவனும் மூழ்க வேண்டும் என்று கப்பற்படையில் எந்தச் சட்டமும் இல்லை. மற்றவர்கள் இறங்கும்வரை தலைவன் இறங்கலாகாது என்பது மட்டுமே உலகத்து மாலுமிகளின் மரபு. அப்படியிருக்க, மனைவி மக்கள் உடைய ஒருவர் உயிரைக் காத்துக்கொள்ளாமல் இருந்தது சரியா? உயிர் இறைவன் தந்த கொடை, அதைத் தானாக மாய்த்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்பிக்கவில்லையா? சில இளைஞர்கள் இக்கேள்வியை என்னிடமே கேட்டதுண்டு.

இதற்கு விடை காண, சாவைத் தேடுவதற்கும் உயிரைக் கொடுப்பதற்கும் உள்ள வேற்றுமையைத் தெளிந்துகொள்ள வேண்டும். வாழ்வை வெறுத்து மரணத்தை நாடுகிறவன் தன்னையே பார்க்கிறான். பிறன் பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தன் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பவன் பிறனைப் பார்க்கிறான். இருவரும் ஒரே கடலில் மூழ்கலாம். ஆனால் இரண்டும் ஒரே செயல் அல்ல. கேப்டன் முல்லா மிதவைச் சட்டையைக் கழற்றி எறியவில்லை, இல்லாதவனுக்குக் கொடுத்தார். மேடைக்குத் திரும்பியது சாவதற்காக அல்ல, இன்னும் காக்க வேண்டியவர் உண்டா என்று பார்ப்பதற்காக. அந்தக் கடமையின் நடுவில் மரணம் அவரை எதிர்கொண்டது.

1943 பிப்ரவரி 3-ஆம் நாள் கிரீன்லாந்துக்கு அருகே டார்செஸ்டர் என்ற அமெரிக்கப் படைக்கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டது. உறைபனிக் கடல். மிதவைச் சட்டைகள் எல்லாருக்கும் போதவில்லை. அக்கப்பலில் ஆன்ம குருக்கள் நால்வர் இருந்தார்கள். ஒருவர் ஜான் வாஷிங்டன் என்ற கத்தோலிக்கக் குரு, ஒருவர் யூத ரபி, மற்ற இருவர் பிற கிறிஸ்தவ சபைப் போதகர்கள். நால்வரும் தங்கள் சட்டைகளைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கைகோத்துச் செபித்தபடியே கப்பலோடு மூழ்கினார்கள். 1941-இல் அவுஷ்விட்ஸ் சிறைக்கூடத்தில் ஒரு குடும்பத் தலைவனுக்குப் பதிலாகப் பட்டினிச் சாவை ஏற்ற மாக்சிமிலியன் கோல்பேயைத் திருச்சபை 1982-இல் புனிதராக உயர்த்தியது. அவர்களை நாம் தற்கொலையாளர் என்று சொல்வோமா? சொல்லமாட்டோம். அப்படியானால், கோரக்பூரில் பிறந்த இந்து சகோதரருக்கும் அதே நீதியை வழங்குவதே முறை. தன்னைக் கொடுக்கும் அன்புக்குச் சமய வேலி கிடையாது.

இதற்கு மாறான செயலையும் உலகம் கண்டிருக்கிறது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கன்கோர்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. பயணிகள் பலர் உள்ளே இருக்கும்போதே அதன் தலைவர் கரையேறிவிட்டார். 32 பேர் இறந்தனர். 2014 ஏப்ரலில் தென் கொரியாவின் சேவோல் கப்பல் மூழ்கியது. பயணிகளை அவரவர் இடத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தலைவர் முதலில் தப்பிய படகில் ஏறினார். 304 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். இரண்டு தலைவர்களையும் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது. விபத்து நேர்ந்ததற்காக மட்டுமல்ல, கைவிட்டதற்காகவும் அவர்களை உலகம் பழித்தது.

நான் முன்னே சொன்ன ஒரே பாடம் இதுதான். பிறர் சார்பாக முடிவெடுக்கும் பொறுப்பை ஏற்றவன், அந்த முடிவின் விளைவிலிருந்து முதலாவதாகத் தப்பி ஓடலாகாது. கப்பலை மெதுவாகச் செலுத்தியது சரியோ தவறோ, அதனால் வந்த துன்பத்தைத் தம் ஆட்களின் தலையில் போட்டுவிட்டு முல்லா போகவில்லை. கீழ்த்தளத்தின் இருளில் ஏணி தேடிக்கொண்டிருந்தவனுக்கு, தலைவர் இன்னும் மேலேதான் இருக்கிறார் என்ற உண்மை இருந்தது. அதைப் பொய்யாக்க அவர் விரும்பவில்லை.

இந்தப் பாடம் நமக்குப் புதிதன்று. முத்துச் சலாபம் நடந்த நாள்களில், கல்லைக் காலில் மாட்டிக் கடலடிக்குச் செல்லும் குளியாளியின் கயிறு வள்ளத்தில் இருப்பவர் கையில் இருக்கும். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் இழுத்துத் தூக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள், உடன்பிறந்தவள் தாலி அறுவதை எந்த மச்சானும் பொறுக்கமாட்டான் என்பது நம் முன்னோர் சொல்லிவந்த வழக்கு. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய சலாபம் எதுவும் நடக்கவில்லை. கயிறு பிடித்தவர்களும் பெரும்பாலும் மறைந்துவிட்டார்கள். ஆயினும் அந்தக் கயிற்றின் ஒழுக்கம் மறையக்கூடாது. கீழே ஒருவன் இருக்கும்வரை மேலே இருப்பவன் கையைத் தளர்த்தலாகாது. கேப்டன் முல்லா கயிற்றைப் பிடித்தபடியே போனவர்.

கல்லறை இல்லாதவர்கள்

நவம்பர் 2-ஆம் நாள் நாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் தீர்த்தம் தெளிக்கக் காத்திருக்கிறோம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சிலர் எந்தக் கல்லறையின் முன்னும் நிற்காமல், பெரிய சிலுவையின் அடியில் திரியை ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்களுடையவர்கள் கடலில் இருக்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் நம் தென்கரையில் எத்தனை வீடுகளை அப்படி ஆக்கியது என்பது நாமறிந்ததே. உடல் கிடைக்காத சாவு இரட்டைத் துன்பம். மனம் நம்ப மறுக்கிறது. வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்க்கச் சொல்கிறது. சட்டமோ, காணாமற்போனவர் இறந்தார் என்று கொள்ள ஏழு ஆண்டுகள் பொறுத்திருக்கச் சொல்கிறது.

குக்ரியின் 194 குடும்பங்களும் இந்தத் துன்பத்தையே அனுபவித்தன. திருமதி முல்லாவும் இரு பெண் மக்களும் அவர்களில் ஒரு குடும்பம் மட்டுமே. விருது பெற்றவர் பெயர் நூல்களில் ஏறியது. விருது பெறாத மாலுமியின் மனைவிக்கும் அதே இரவு, அதே கடல். கைபரிலும் காசியிலும் மாண்ட பாகிஸ்தான் மாலுமிகளின் தாய்மாருக்கும் அவ்வாறே. கடல் எந்த நாட்டான் என்று கேட்பதில்லை. ஆகவே நம் செபத்திலும் அந்த வேற்றுமை வேண்டாம்.

குக்ரி மூழ்கி இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1999 டிசம்பர் 15-ஆம் நாள், டையூவில் கடலை நோக்கிய ஒரு மேட்டில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் சிறு மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. 2000 ஜனவரியில் நாட்டின் வீரர்களுக்கு அஞ்சல் தலைகள் வெளியிடப்பட்டபோது கேப்டன் முல்லாவுக்கும் ஒன்று வந்தது. அதே 1971 போரில் கிழக்கு எல்லையில் உயிர் நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற ஆதிவாசிக் கிறிஸ்தவ வீரர் ஆல்பர்ட் எக்காவின் அஞ்சல் தலையும் அந்த வரிசையில் உண்டு. குக்ரி என்ற பெயரிலேயே புதிய போர்க்கப்பல் ஒன்று 1989 ஆகஸ்ட் 23-இல் படையில் சேர்ந்து, முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றது. பழைய குக்ரி இன்னும் டையூவுக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது. அதுவே அவர்களுடைய கல்லறை.

நம் கடமை

தூத்துக்குடி நெடுங்காலத் துறைமுகம். 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இங்கேதான். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நம் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் பங்குப் பிள்ளைகள் வணிகக் கப்பல்களிலும், கடலோரக் காவற்படையிலும், கப்பற்படையிலும் வேலைக்குப் போகிறார்கள். போகுமுன் பனிமய மாதாவின் முன் மண்டியிட்டு, திரி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் எல்லாரும் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதே நம் மன்றாட்டு. போரும் வேண்டாம், மகாவீர் சக்கரமும் வேண்டாம், பிள்ளை வீடு வந்தால் போதும் என்று தாய்மார் நினைப்பதில் தவறேதும் இல்லை.

ஆனால் பொறுப்பு என்பது எல்லாருக்கும் வரும். விசைப்படகு உரிமையாளர்களே, காற்று எச்சரிக்கை வந்தபின்னும் ஆட்களைக் கடலுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் கரையில் இருந்தால், கயிறு யார் கையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். படகோட்டிகளே, உங்கள் படகில் ஆளுக்கொரு மிதவைச் சட்டை உண்டா என்று இன்றே எண்ணிப் பாருங்கள். கேப்டன் முல்லா தம்முடையதைக் கொடுக்க நேர்ந்தது. அப்படிக் கொடுக்கும் நிலை வராதிருக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது. குடும்பத் தலைவர்களே, கடன் வாங்கும் முடிவை நீங்கள் எடுத்துவிட்டு, அதை அடைக்கும் பாரத்தை மனைவியின் தலையிலும் வட்டிக்காரனின் வாயிலும் விட்டுவிட்டு ஒளியாதீர்கள். சங்கத் தலைவர்களும், பங்குப் பேரவை உறுப்பினர்களும், பங்குக் குருவாகிய நானும் இதே அளவுகோலால் அளக்கப்படுவோம். வெற்றி விழாவில் முன்வரிசை நாற்காலியில் அமர்கிறவர்கள், இடர் வரும் நாளில் கடைசி வரிசையில் நின்று எல்லாரும் வெளியேறிய பின் வெளியேற வேண்டும்.

ஜூபிலி ஆண்டு நன்றியின் ஆண்டு. இந்நன்றியில், டையூ கடலில் மாண்ட 194 பேரையும், அவர்களுடைய தலைவரையும், நம் கரையிலிருந்து சென்று திரும்பாத அனைவரையும் சேர்த்துக்கொள்வோம். அவர்களுக்காக ஒரு திரி ஏற்றுவோம். கடலின் ஆழத்தையும் அறிந்த இறைவன் அவர்களுக்கு நிலையான இளைப்பாற்றியை அருள்வாராக. நம் கையிலுள்ள கயிற்றைத் தளர்த்தாமல் பிடிக்கும் உறுதியை நமக்கு அருள்வாராக.

– பங்குத் தந்தை